வலியே இல்லை, ஆனால் எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு சரியில்லையாம்: ஓடலாமா, காவடி எடுக்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வயது 43. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் வீடு. விலாவில் வலி வந்ததால் சிறுநீரகக் கல்லாக இருக்குமோ என்று வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அறிக்கையின் கடைசி இரண்டு வரி: இரு இடுப்பு மூட்டுகளிலும் கேம் வகை உருமாற்றம், வலது மூட்டில் இடைவெளி லேசாகக் குறைவு, ஆரம்பநிலைத் தேய்மானமாக இருக்கலாம். உங்களுக்கோ இடுப்பு மூட்டில் இதுவரை ஒரு நாளும் வலி இல்லை. ஐந்து வருடமாக காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறீர்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதலும் இருக்கிறது. மைத்துனர் "ஓட்டத்தை விடு, இப்போதே ஆபரேஷன் பண்ணிக்கொள், பிற்பாடு மூட்டையே மாற்ற வேண்டி வரும்" என்று சொல்லியிருக்கிறார். ஓடலாமா, காவடி எடுக்கலாமா, ஆபரேஷன் வேண்டுமா, பிள்ளைகளுக்கும் வருமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: வலியே இல்லாத நான் நோயாளியா?

நான் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவன். நாகர்கோவில்காரன், இருபத்தாறு வருடமாக டர்பனில் இந்த வேலை பார்க்கிறேன். உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை, உங்கள் மூட்டைத் தொட்டு அசைத்துப் பார்க்கவும் இல்லை. அதனால் நான் சொல்லப்போவது உங்களுக்கான சிகிச்சை முடிவு அல்ல, அந்த இரண்டு வரியை எப்படிப் படிப்பது என்பதுதான். அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் அந்த மாதிரி வரிகளை எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். எழுதுகிறவர் பெரும்பாலும் உங்களைப் பார்த்திருக்க மாட்டார். அவர் கையில் இருப்பது ஒரு படமும், 'விலா வலி, கல் இருக்கிறதா' என்ற சீட்டும்தான். கண்ணில் பட்டதை எழுதுவது அவர் கடமை. அந்த எலும்பின் சொந்தக்காரருக்கு வலிக்கிறதா என்று அவருக்குத் தெரியாது.

மூட்டு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். தொடை எலும்பின் உச்சி பந்து போல உருண்டை. இடுப்பெலும்பில் அதற்கு ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் போல ஓரக் குருத்து, டாக்டர்கள் லேப்ரம் என்பார்கள். பந்துக்குக் கீழே எலும்பு குறுகி ஒரு கழுத்தாகிறது. சிலருக்குப் பந்தும் கழுத்தும் சேரும் இடத்தில் குழிவுக்குப் பதிலாக ஒரு மேடு இருக்கும். அதுதான் கேம். காலை முழுதாக மடக்கி உள்பக்கம் திருப்பும்போது அந்த மேடு கிண்ணத்தின் விளிம்பில் போய் முட்டலாம். கிண்ணத்தின் விளிம்பே அதிகமாக வளர்ந்து பந்தை மூடியிருந்தால் அதற்குப் பெயர் பின்சர். இந்த முட்டலிலிருந்து மூட்டுத் தேய்மானம் தொடங்கலாம் என்பதை 2003-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் தெளிவாக எழுதினார்கள். எலும்பு மருத்துவத்தில் அது பெரிய திருப்பம். ஆனால் அதற்குப் பிறகு உலகம் முழுவதும் எல்லோரும் மேட்டைத் தேட ஆரம்பித்தார்கள், தேடிய இடத்தில் எல்லாம் கிடைத்தது.

எவ்வளவு கிடைத்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். கனடாவின் ஒட்டாவா நகரில் இடுப்பு மூட்டில் எந்தத் தொல்லையும் இல்லாத 200 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், 2010-ல் வெளியான ஆய்வு. ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கேம் இருந்தது, பெண்களில் இருபதில் ஒருவருக்கு. 2015-ல் 26 ஆய்வுகளைச் சேர்த்து, வலியில்லாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டுகளைக் கணக்கிட்டபோது கேம் 37 சதவீதம் வந்தது. விளையாட்டு வீரர்களை மட்டும் எடுத்தால் பாதிக்கும் மேல். எம்.ஆர்.ஐ.யில் ஓரக் குருத்தில் கிழிசல் போலத் தெரிவது அதைவிட அதிகம், வலியில்லாதவர்களிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கு. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுவதற்குக் காரணம், 'எத்தனை டிகிரிக்கு மேல் போனால் மேடு' என்பதில் ஆளுக்கொரு கோடு போடுகிறார்கள். மேடு எவ்வளவு துருத்துகிறது என்று பார்க்க ஆல்ஃபா கோணம் என்று ஒன்றை அளப்பார்கள், சில ஆய்வாளர்கள் 50-ல் கோடு போடுகிறார்கள், சிலர் 55-ல், இப்போது பலர் 60-ல். கோட்டைக் கொஞ்சம் தள்ளினால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் கோளாறுக்காரர்களாகவோ நல்லவர்களாகவோ ஆகிவிடுவார்கள்.

தேய்மானத்துக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் ஆய்வுக்கு எடுத்த இரண்டு பெரிய மக்கள் குழுக்களை வைத்து 2015-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். அதில் ஃபிராமிங்ஹாம் என்ற குழுவில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்த இடுப்பு மூட்டுகள் நூற்றில் சுமார் 21 மட்டுமே அடிக்கடி வலித்தன. திருப்பிப் பார்த்தால், அடிக்கடி வலிக்கிற மூட்டுகள் நூற்றில் சுமார் 16-ல்தான் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது. அதாவது படத்தில் தேய்ந்திருக்கிற மூட்டுகளில் பெரும்பாலானவை வலிக்கவில்லை, வலிக்கிற மூட்டுகளில் பெரும்பாலானவை படத்தில் தேயவில்லை. இந்த இரண்டு எண்ணையும் என் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதனால்தான் 2016-ல் இங்கிலாந்தின் வாரிக்கில் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். முட்டல் நோய் என்று சொல்ல மூன்று சேர்ந்திருக்க வேண்டும்: ஆளுக்குத் தொல்லை, மருத்துவர் அசைத்துப் பார்க்கும்போது அதற்கேற்ற அடையாளம், அப்புறம் படம். படம் மட்டும் இருந்தால் அதற்கு நோய்ப் பெயர் கிடையாது. மேட்டை ஊனம், கோளாறு என்று எழுதாமல் 'கேம் வடிவம்' என்று மட்டும் எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். நானும் என் ஆரம்ப வருடங்களில் யோசிக்காமல் 'டிஃபார்மிட்டி' என்று எழுதியவன்தான். ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, தான் ஊனமா, கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெறலாமா என்று அழுதுகொண்டே கேட்டாள். அவள் படம் எடுத்தது கீழே விழுந்து வால் எலும்பில் அடிபட்டதற்கு. இடுப்பு மூட்டு நன்றாகவே வேலை செய்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்லுக்காக எடுக்கும் வயிற்றுப் படத்தில் கதிரின் நடுவைத் தொப்புள் உயரத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இடுப்பு மூட்டு படத்தின் அடியோரத்தில், சாய்வாக விழுந்த கதிரில் பதியும். சில படங்களில் பாதி மூட்டுதான் இருக்கும். இடுப்பெலும்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தாலோ உடம்பு ஒரு பக்கம் திரும்பியிருந்தாலோ கிண்ணத்தின் வடிவமே மாறித் தெரியும். மூட்டு இடைவெளி என்பது சில மில்லிமீட்டர் சமாச்சாரம். பொதுவாக இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால்தான் ஆய்வுகளில் குறைவு என்று கணக்கெடுப்பார்கள். அப்படிப்பட்ட படத்தில் 'லேசாகக் குறைவு', 'இருக்கலாம்' என்று எழுதியிருந்தால் நான் அதைப் பென்சிலால் எழுதியது போலத்தான் படிப்பேன். கேம் மேட்டைச் சரியாக அளக்கவும் மூட்டுக்கென்றே எடுக்கும் நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் வேண்டும். அதற்காக இப்போதே போய் எடுங்கள் என்று சொல்லவில்லை. தொல்லை இல்லாதபோது எடுத்து, அதிலும் மேடு இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் என்ன மாறப்போகிறது?

'தொல்லை இல்லை' என்று நீங்கள் சொல்வதையும் கொஞ்சம் சரிபார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் தமிழில் இடுப்பு என்ற சொல் நம்மைக் குழப்பிவிடும். நம்மவர்கள் இடுப்பு வலி என்று சொல்லிக் கை வைப்பது பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதியில். இடுப்பு மூட்டின் வலி அங்கே வருவது குறைவு. அது முன்பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் கவட்டில் வரும். சில சமயம் தொடை வழியாக இறங்கி முழங்காலில் போய் வலிக்கும். பலர் இடத்தைக் காட்டும்போது கட்டை விரலை ஒரு பக்கமும் மற்ற விரல்களை இன்னொரு பக்கமுமாகப் பிறை போல வளைத்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடிப்பார்கள். அதனால் உங்களையே கேட்டுப் பாருங்கள்: கோவிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஒரு முழங்கால் மட்டும் மேலேயே நிற்கிறதா? காரில் இருந்து இறங்கும்போது கவட்டில் பிடிக்கிறதா? கால் நகம் வெட்ட, சாக்ஸ் போட ஒரு பக்கம் மட்டும் சிரமமா? மேசை மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, முழங்கால் அசையாமல் பாதத்தை வெளிப்பக்கம் நகர்த்துங்கள். அப்போது இடுப்பு மூட்டு உள்பக்கமாகத் திரும்புகிறது. இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவு போனால் நல்லது. ஒன்று மட்டும் வெகு சீக்கிரம் நின்றுவிட்டால் அதை ஒரு பிசியோதெரபிஸ்ட் முறையாக அளந்து பார்க்கட்டும்.

அந்தத் திருப்பத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், நெதர்லாந்தில் ஆயிரம் பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. எல்லோரும் 45 முதல் 65 வயதுக்காரர்கள், இடுப்பு மூட்டிலோ முழங்காலிலோ அப்போதுதான் வலி தொடங்கியவர்கள். கேம் இருந்தவர்களுக்கு மூட்டு முற்றிலும் தேய்ந்துபோகும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கு மேல் கூடியிருந்தது. மேடு மிகப் பெரிதாகவும் உள்திருப்பம் 20 டிகிரிக்கு மேல் போகாமலும் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஆனது. மைத்துனர் எங்கேயோ கேட்டது இந்த எண்ணாகத்தான் இருக்கும். எண் சரிதான், ஆனால் அது ஏற்கனவே வலியோடு வந்தவர்களின் எண். வலியில்லாதவர்களுக்குப் பொருந்துவது முன்னே சொன்ன ஒட்டாவா ஆய்வு. அவர்களில் 170 பேரை நான்கு வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி கேட்டபோது 11 பேருக்குத்தான் இடுப்பு மூட்டு வலி வந்திருந்தது. கேம் உள்ளவர்களுக்கு வலி வந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதை மறைக்க மாட்டேன். மேடு இருப்பது ஆபத்தைக் கூட்டுகிறது, அது உறுதி. மேடு இருந்தும் பெரும்பாலோர் நன்றாக இருந்தார்கள், அதுவும் உறுதி. யாருக்கு வரும் யாருக்கு வராது என்று ஒரு படத்தை வைத்து இன்று சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்ப வேண்டாம். நாலு வருடம் என்பது மூட்டின் ஆயுளில் சின்னக் காலம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆபரேஷன் பற்றி என் கருத்து தெளிவானது: வலியில்லாத மூட்டில் கை வைக்காதீர்கள். 2018-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 348 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் துளைவழி அறுவை, மறு பாதிக்கு அவரவருக்கேற்ற பிசியோதெரபி கொடுத்துப் பார்த்தார்கள். அறுவை செய்தவர்கள் ஒரு வருடத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தேறினார்கள். அவர்கள் எல்லோருமே வலியோடு வந்தவர்கள். வலியில்லாதவருக்கு மேட்டைச் சீவிவிட்டால் பிற்பாடு தேய்மானம் வராது என்று நிரூபித்த ஆய்வு கிடையாது. அறுவைக்கென்று தனி அபாயம் இருக்கிறது, நரம்பு மரத்துப்போவது, கிருமி, அபூர்வமாக எலும்புக் கழுத்தே உடைவது. மூட்டுக்கு நல்லது என்று கடைகளில் விற்கும் குளுக்கோசமைனையும் நெதர்லாந்தில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள 222 பேருக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அது ஒன்றும் மேல் இல்லை. அந்தக் காசுக்கு நல்ல ஓட்டச் செருப்பு வாங்கலாம்.

ஓட்டத்துக்கு வருவோம். 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்கென்றே ஓடும் உயர்மட்ட வீரர்களில் 13.3 சதவீதம். ஓடாதவர்களுக்கு எடை கூடியிருக்கலாம், மூட்டு நன்றாக இருப்பவர்களே ஓட வந்திருக்கலாம், அதனால் ஓட்டம்தான் காத்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஓட்டம் மூட்டைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். காம்ரேட்ஸ் என்பது டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர், மலையேற்றமும் இறக்கமும். அது பொழுதுபோக்கில் சேருமா போட்டியில் சேருமா என்று கேட்டால் நடுவில் எங்கேயோ. அதனால் உங்கள் மூட்டையே கேளுங்கள். பயிற்சி முடிந்து மறுநாள் காலையிலும் கவட்டில் வலி இருந்தால், இரவில் எழுப்பினால், நடையில் நொண்டல் வந்தால் நிறுத்திக் காட்டுங்கள். குறிப்பாக நீண்ட தூரம் ஓடுபவருக்குக் காலை ஊன்றும்போதெல்லாம் கவட்டில் வலித்தால் அது தொடை எலும்புக் கழுத்தில் அழுத்த விரிசலாக இருக்கலாம். அதில் ஒரு நாள்கூட ஓடக் கூடாது. அப்படி எதுவும் இல்லாதவரை ஓடுங்கள். இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளுக்கு வாரம் இரண்டு நாள் வலுப் பயிற்சி செய்யுங்கள். ஜிம்மில் எடையோடு அடிமட்டம் வரை குந்துவதைக் குறைத்தால் நல்லது, மேடு விளிம்பில் முட்டும் நிலை அதுதான்.

காவடியில் எனக்குத் தயக்கமே இல்லை. சமதரையில் நடக்கும்போதே இடுப்பு மூட்டு உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு பாரம் தாங்குகிறது. தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பழகிய மூட்டுக்குத் தோளில் ஒரு காவடியும் கோவிலைச் சுற்றிய நடையும் பெரிதல்ல. வேண்டுதலை எக்ஸ்ரேக்காக ஒத்திப்போட வேண்டாம்.

எக்ஸ்ரேயில் தெரிவதையெல்லாம் அலட்சியம் செய்யலாம் என்று யாரும் இதைப் படித்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. வலி இல்லாவிட்டாலும் விடக் கூடாத சொற்கள் உண்டு. பந்தின் எலும்புக்கு இரத்தம் போகாமல் அது செத்துப்போவது அதில் முதன்மை. ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுத்தவர்கள், அதிகம் குடிப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது வரலாம். வலி வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்ட 664 மூட்டுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 59 சதவீதம் பிற்பாடு வலியிலோ பந்து நொறுங்குவதிலோ போய் முடிந்தன. அங்கே காத்திருப்பது தவறு. எலும்பு அரித்த இடம், முறிவுக் கோடு, கிண்ணம் மிக ஆழமற்று இருப்பது, இவையும் மருத்துவரிடம் போக வேண்டியவை. நம் மாகாணத்தின் வடகோடியில் மபுட்டாலாந்தில் ம்செலேனி என்ற ஊர் இருக்கிறது. இளவயதிலேயே இடுப்பு மூட்டு கெட்டு நடக்கச் சிரமப்படும் மக்கள் அங்கே பலர் இருப்பதை 1970-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்றும் அதை ம்செலேனி மூட்டு நோய் என்றே உலகம் சொல்கிறது. அந்தப் படங்களைப் பார்த்தவனுக்கு உங்கள் அறிக்கையில் இருக்கும் மேடு எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரியும்.

பிள்ளைகளைப் பற்றி: குடும்பத்தில் ஓடும் தன்மை கொஞ்சம் இருக்கிறது. கேம் உள்ள நோயாளிகளின் உடன்பிறந்தவர்களுக்கு அது இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2010-ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு கண்டது. மேடு உருவாவது பதின்ம வயதில், எலும்பு வளரும் தட்டு மூடுவதற்கு முன்னால். கால்பந்து, கூடைப்பந்து கடுமையாக ஆடும் பையன்களிடம் அதிகம். அதற்காகப் பையனைப் பந்தாட விடாமல் வைப்பதும், வலியில்லாத பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுப்பதும் வேண்டாம். கவட்டிலோ முழங்காலிலோ வலி என்று நொண்டினால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள். வளரும் வயதில் பந்து கழுத்திலிருந்து நழுவும் நோய் ஒன்று உண்டு, அது அவசரம்.

கடைசியாக ஒன்று. அந்தப் படம் எடுத்ததே கல்லுக்காக. கல் இருந்ததா, எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்கள் எழுதவே இல்லை. இடுப்பு மூட்டுப் பயத்தில் அது மறந்துபோயிருக்கிறது. சில கற்கள் எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் 'கல் இல்லை' என்று எழுதியிருந்தாலும் விலா வலி திரும்பினால் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். கல் சிறுநீர்க் குழாயில் இறங்கும்போது வலி விலாவிலிருந்து கவட்டுக்குத்தான் வரும், அதாவது இடுப்பு மூட்டு வலிக்கும் அதே இடம். அலையலையாக வந்து நிலைகொள்ளாமல் புரட்டினால் அது கல், கால் ஊன்றும்போதும் திருப்பும்போதும் மட்டும் வலித்தால் மூட்டு என்று ஒரு முதல் கணக்கு வைத்துக்கொள்ளலாம். காய்ச்சலோடு விலா வலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. அப்புறம், மூட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளாதீர்கள். மணிக்கணக்கில் வியர்த்து உடம்பில் நீர் குறைந்த நிலையில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், கல் உள்ளவருக்கு இன்னும் மோசம். அறிக்கையின் முதல் வரிகளை எடுத்துப் படித்து, கல் பற்றி என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.